சென்னைக்குக் குடிபெயர்கிறோம்: ஒருவருக்குக் கிண்டி, இன்னொருவருக்குச் சிறுசேரி. எங்கே வீடு பார்ப்பது?

பாளையங்கோட்டைவாசி (கேள்வி)

வணக்கம். வரும் ஜூன் மாதத்துக்குள் நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர வேண்டியிருக்கிறது. எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. கணவருக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. நான்காம் வகுப்புக்குப் போகும் மகளும், மூட்டுவலியால் படியேற முடியாத மாமியாரும் உடன் வருகிறார்கள். வாடகைக்கு மாதம் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும்.

உறவினர்களைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். தாம்பரத்தில் வாடகை குறைவு என்கிறார் ஒருவர், வேளச்சேரிதான் இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்கிறார் இன்னொருவர், பழைய மகாபலிபுரம் சாலையிலேயே பெரிய அடுக்ககமாகப் பார்த்துவிடு என்கிறார் மூன்றாமவர். மாமியாருக்காகத் தரைத்தளம் தேடலாம் என்றால், சென்னையில் தரைத்தளமா என்று எல்லாரும் ஒரே குரலில் பதறுகிறார்கள். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீரைப் பற்றி விசாரித்து வீடு எடுக்கும் பழக்கமே கிடையாது. வீடு பார்க்க வரும்போது எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அங்கே வசிப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேற்குமாம்பலத்தார்

வாருங்கள் அம்மா. முதலில் வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். கிழக்கே கடல் இருப்பதால் இந்த ஊர் வடக்கு, மேற்கு, தெற்கு என்ற மூன்று பக்கமாகத்தான் வளர முடிந்தது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அதற்கும் வெளியே ஆவடியும் தாம்பரமும் இன்று தனித்தனி மாநகராட்சிகள். இவ்வளவு பரந்த ஊரில் பெரிய சாலைகளும் ரயில் தடங்களும் பெரும்பாலும் நகரின் நடுவிலிருந்து வெளியே ஓடுபவை. அந்தத் தடத்தோடு நீங்கள் போனால் பயணம் சுலபம். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குக் குறுக்கே போக வேண்டுமென்றால்தான் உயிர் போகும்.

உங்கள் வீட்டு நிலைமையை இதில் பொருத்திப் பாருங்கள். கிண்டி, கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை செல்லும் மின்சார ரயில் தடத்தில் இருக்கிறது. அங்கேயே மெட்ரோ நிலையமும் உண்டு. ஆகவே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று எங்கே வீடெடுத்தாலும் உங்கள் பயணத்துக்குக் குறையில்லை. மாதாந்திர சீசன் டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கட்டணமா என்று வியப்பீர்கள். பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு; 2025 ஏப்ரல் முதல் இந்தத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது, அதற்குக் கட்டணம் கூடுதல். ஆனால் சிறுசேரி இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூருக்கும் தெற்கே. தாம்பரத்திலிருந்து அங்கே போக மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியையோ வண்டலூர், கேளம்பாக்கம் வழியையோதான் பிடிக்க வேண்டும். இரண்டுமே குறுக்குப் பாதைகள், இரண்டிலும் காலையில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும்.

இருவருக்கும் நடுவில் என்று கணக்குப் போட்டு வீடு எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் எடுத்தால் இருவரும் அலைவதுதான் பெரும்பாலும் மிச்சம். கணவரின் நிறுவனம் ஊழியர்களுக்குப் பேருந்து விடுகிறதா, விட்டால் எந்தெந்த நிறுத்தங்களில் நிற்கிறது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பேருந்து இருந்தால் அவர் அதில் உட்கார்ந்தோ உறங்கியோ போய்விடுவார், வீட்டை உங்களுக்கும் மாமியாருக்கும் தோதாகப் பார்க்கலாம். இல்லையென்றால் கணக்கே மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை ஒன்றும், மாதவரத்திலிருந்து ஆலந்தூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை இன்னொன்றும் வருகின்றன. இவை முடிந்தால் நான் மேலே சொன்ன குறுக்குப் பயணத் தொல்லை பெருமளவு தீரும் என்பது உண்மைதான். ஆனால் "மெட்ரோ வாசலிலேயே வருகிறது" என்று சொல்லி இன்றைக்கே வாடகையை ஏற்றிக் கேட்கும் உரிமையாளருக்கு இணங்காதீர்கள். வாடகைக்கு இருப்பவருக்கு இன்று ஓடும் ரயில்தான் ரயில். பணி நடக்கும் இடங்களில் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருப்பார்கள், அதைக் காண ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதாது. வேலைநாளில் காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மேடவாக்கத்திலிருந்து

மேலே ஐயா போக்குவரத்தைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தென்சென்னையில் வீடு பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும், மீதி பாதி மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்பதும்தான்.

வருவதை முதலில் பார்ப்போம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளும், கடலூர் மாவட்டத்து வீராணமும், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும், கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி நிலையங்களும் சேர்ந்துதான் இந்த ஊரின் தாகத்தைத் தீர்க்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் 2024-இல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையமும் வந்தது. ஆயினும் ஊருக்குத் தண்ணீர் இருப்பது வேறு, உங்கள் குழாயில் வருவது வேறு. பழைய நகரப் பகுதிகளில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரிய) இணைப்பு வீட்டுக்கு வீடு உண்டு. பின்னால் மாநகராட்சியில் சேர்ந்த பகுதிகளில் ஒரு தெருவுக்கு இருக்கும், அடுத்த தெருவுக்கு இருக்காது. இணைப்பு இல்லாத அடுக்ககங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரையும் லாரியையும் நம்பியிருக்கின்றன, குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்தான்.

ஆகவே "தண்ணீர் வசதி உண்டா?" என்று கேட்காதீர்கள், "24 மணி நேரமும் வருகிறது" என்ற ஒரே பதில்தான் எல்லா வீட்டிலும் கிடைக்கும். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார்கள், போர் எத்தனை அடி, லாரி எந்த மாதத்தில் வாங்கத் தொடங்குகிறார்கள், அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா அல்லது தனியா என்று கேளுங்கள். அடுக்ககமாக இருந்தால் சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பராமரிப்பு ரசீதுகளைச் சங்கச் செயலாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டால் வேறு விசாரணையே வேண்டாம். பிறகு குளியலறைக்குள் போங்கள். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்புத்தண்ணீர், பளிங்குத் தரையும் வாளியும் செம்மஞ்சளாகப் படிந்திருந்தால் இரும்புத்தண்ணீர். வீட்டை வெள்ளையடித்து மினுக்கியிருப்பார்கள், ஆனால் ஷவரின் துளைகளை யாரும் துடைப்பதில்லை. அதைத் திறந்துவிட்டுப் பாதித் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனிப் போவது. இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்யும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றியவை. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேர வேண்டும். சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்டது. எஞ்சியதற்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது என்றாலும் போன நிலம் போனதுதான். அதனால் 2015-இலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இந்தப் பகுதிகளில் தண்ணீர் நாட்கணக்கில் வடியாமல் நின்றது. அடையாற்றின் ஓரமாக இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை ஆகியவற்றின் கதை வேறு. அங்கே ஆறு பெருகி ஊருக்குள் வருகிறது.

ஆனால் ஒரு பகுதியின் பெயரைக் கேட்டே ஒதுக்கிவிட வேண்டாம், ஒரே பகுதியில் மேட்டுத்தெருவும் பள்ளத்தெருவும் அடுத்தடுத்து இருக்கும். உரிமையாளரும் தரகரும் "இங்கே தண்ணீரே நிற்காது" என்றுதான் சொல்வார்கள். அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமோ பால் போடுபவரிடமோ கேளுங்கள். எந்த வாசல் வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, படகு வந்ததா என்று ஒளிக்காமல் சொல்வார்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஈ.பி. மீட்டர்ப் பெட்டியைப் பாருங்கள். பழைய பெட்டி இருந்த இடத்தில் சுவரில் துளைகள் மட்டும் இருக்க, புதுப் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஏறியிருந்தால் அந்த வீடு வெள்ளத்தைக் கண்டிருக்கிறது என்று பொருள். சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) மூடி தரைமட்டத்தில் இருக்கிறதா, மேடு கட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம். தரைமட்டத்தில் இருந்தால் தெருவில் ஓடும் சாக்கடை நீர் நேராகக் குடிநீரில் கலந்துவிடும். பழைய தார்ச் சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதால் பல தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டின் தரைத்தளம் மாமியாருக்கு ஆகாது.

அவருக்கு மின்தூக்கி உள்ள முதல் தளம்தான் சரி. மின்தூக்கிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள், பெருமழையில் விபத்தைத் தவிர்க்க மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். முதல் தளத்தில் இருந்தால் அந்த இரண்டு மூன்று நாட்கள் அவர் கீழே இறங்க முடியாமல் இருப்பார், அவ்வளவுதான்; தரைத்தளத்தில் இருந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

பத்திரம் எழுதுபவன்

முன்பணத்தைப் பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று சட்டமே இடம் கொடுத்திருப்பதால், ஐந்து, ஆறு மாதம் கேட்பது இன்றும் தொடர்கிறது. பேரம் பேசலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது இதே சட்டத்தின் கீழ் கட்டாயம். வழக்கமாகப் பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு தகராறு வரும்போது அந்தத் தாளுக்கு வலு இருக்காது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பது முதலாவது. ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும் என்பது இரண்டாவது. மூன்றாவது மின்சாரம். வீட்டுக்கென்று தனி ஈ.பி. இணைப்பு இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். ஒரே இணைப்பை மூன்று குடித்தனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்கும் உரிமையாளர்கள் உண்டு. இலவசமும் உங்களுக்கு வராது, கோடையில் ஏசி போட்டால் வாடகையோடு போட்டி போடும் தொகை வரும்.

தரகுக் கூலியாக ஒரு மாத வாடகை கேட்பார்கள். அதையும் வீட்டைக் காட்டும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்

சென்னை என்றாலே கிண்டிக்குத் தெற்கே என்று எல்லாரும் எழுதுவதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மாறாமல் ஒரே ரயிலில் போகலாம். அதே வாடகைக்கு இங்கே கூடுதலாக ஓர் அறை கிடைக்கும். கடைத்தெரு, மருத்துவமனை, பழைய பள்ளிகள் எல்லாம் நடைதூரத்தில் இருக்கின்றன. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகை உண்டு என்பதை மறைக்க மாட்டேன், ஆனால் வடசென்னை முழுவதும் அப்படி என்று நினைப்பது வராதவர்களின் பேச்சு. இந்த அம்மாவின் கணவருக்குச் சிறுசேரி என்பதால் இவர்களுக்கு இது ஒத்துவராது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அண்ணாசாலையிலோ கிண்டியிலோ வேலை என்றால் ஒருமுறை இந்தப் பக்கமும் வந்து பார்க்கலாம்.

பாளையங்கோட்டைவாசி

அனைவருக்கும் நன்றி. கணவரின் நிறுவனத்தில் விசாரித்தோம்; பேருந்து உண்டு, கிண்டியை ஒட்டிய கத்திப்பாராவிலிருந்து புறப்பட்டு வேளச்சேரி வழியாகப் போகிறதாம். அப்படியென்றால் நங்கநல்லூர் பார்க்கலாமா? அங்கே ஒரு தரகரிடம் பேசியபோது முதல் கேள்வியே நாங்கள் சைவமா என்பதாக இருந்தது. நாங்கள் மீன் சமைப்பவர்கள். மகளின் பள்ளிச் சேர்க்கையை எப்போது தொடங்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மேற்குமாம்பலத்தார்

பேருந்து கத்திப்பாராவிலிருந்து என்றால் நங்கநல்லூர், ஆலந்தூர், ஆதம்பாக்கம் மூன்றும் உங்களுக்குப் பொருந்தும். நங்கநல்லூரில் பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையத்திலிருந்து ஆலந்தூருக்கு அடுத்தது கிண்டி. கோயில்களும் காய்கறிக் கடைகளும் நடக்கும் தொலைவில் இருப்பதால் வயதானவர்கள் அங்கே தனிமையை உணர மாட்டார்கள். ஆனால் சைவ நிபந்தனை அங்கே அதிகம். அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டு வீடு கொடுப்பது எனக்கு ஒப்புதலில்லை. இருந்தாலும் பொய் சொல்லி உள்ளே போனால் ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைக்க நேரிடும், அது வேண்டாம். ஆதம்பாக்கத்திலும் ஆலந்தூரிலும் இந்தக் கெடுபிடி குறைவு, அங்கே முதலில் தேடுங்கள். பள்ளத்தெரு எது என்று மட்டும் மேடவாக்கத்து அம்மையார் சொன்ன முறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்காக இன்னொரு வசதியும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. கிண்டி கிங் ஆய்வு நிலைய வளாகத்தில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையும், 2024-இல் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டன. இரண்டும் அரசுடையவை.

பள்ளியை வீட்டுக்கு முன்பே பார்க்க வேண்டும். தனியார் பள்ளிகளில், குறிப்பாகச் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில், பொங்கலை ஒட்டியே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான்காம் வகுப்பில் யாராவது விலகினால்தான் இடம் என்பதால் மூன்று நான்கு பள்ளிகளில் எழுதிவைப்பது நல்லது. அங்கிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே மகளின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்க்க மே மாதத்தில் வாருங்கள். தண்ணீர் எந்த நிலைமையில் இருக்கும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக, வீடு பார்க்க அரசுப் பேருந்தில் வருவதானால் இப்போது அது கோயம்பேட்டுக்கு வராது, கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் பழவந்தாங்கலிலும் பரங்கிமலையிலும் நிற்கும். ஆதம்பாக்கத்துக்கும் ஆலந்தூருக்கும் பரங்கிமலையில் இறங்குவது கிட்டம்.